போன வேகம், வந்த வேகம்

— கைநாட்டு வேணாம்னா கையெழுத்துப் போடுங்கக்கா. பாருங்க, இது சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குத்தான்.

— எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் இன்ஜினியர் சார். எதுக்குப் போடணும்கிறதுதான் தெரியல. ‘சித்தாள் கவனக்குறைவாக எறிந்த செங்கல்’னு எழுதியிருக்கீங்க. என் கொழுந்தன் மண்டைய நான்தான் உடைச்சேன்னு நானே எழுதித் தரணுமா?

— வேணும்னு செஞ்சீங்கன்னு யாருமே சொல்லலயே. பாருங்க, கீழ நின்னு கல்லு எறிஞ்சது நீங்க. முதல் மாடியில பிடிச்சது உங்க வீட்டுக்காரர். கீழ நடந்து வந்தது உங்க கொழுந்தன். ஒண்ணு நீங்க எறிஞ்சது தப்பு, இல்ல அவர் பிடிச்சது தப்பு.

— நல்லாயிருக்கு சார் உங்க நியாயம். புருஷனா பொண்டாட்டியான்னு எங்களையே சீட்டுக் குலுக்கிக்கச் சொல்றீங்க. ஆஸ்பத்திரியில நாலு நாளாக் கெடக்கறான். கண்ணைத் திறந்துட்டான், பேச்சு வரல. நான் தண்ணி கொடுத்தா என் மாமியார் வாங்கறதில்ல. ‘உன் கையாலதானே’ன்னு ஒரு வார்த்தை சொன்னாங்க. அதோட என் முகத்தப் பாக்கறதையே விட்டுட்டாங்க. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு ஆயிப்போச்சு என் நிலைமை.

— அப்ப கல்லு வானத்துலேருந்தா வந்துச்சு?

— கேளுங்க சார். பதினாலு வருஷமா எறியறேன். என் கல்லு அவர் கைக்கிட்ட போனதும் வேகமெல்லாம் தீர்ந்து, ஒரு நொடி சும்மா நிக்கும். அப்பத்தான் பிடிப்பார், அலமாரியிலேருந்து எடுக்கிற மாதிரி. கூட எறிஞ்சா அவர் கை கிழிஞ்சிடும். குறைச்சு எறிஞ்சா எட்டாது. இது தெரியாதவங்கள மேஸ்திரி ஒரு நாள் கூட வச்சிக்க மாட்டார்.

— சரிக்கா. ஒரு தடவை தவறிடுச்சுன்னா?

— தவறினா திரும்பி வரும். எந்த வேகத்துல கையை விட்டுப் போச்சோ, கை மட்டத்துக்கு வரும்போதும் அதே வேகம்தான். ஒரு பொட்டு கூட அதிகமாகாது. போன மாசம் அவர் தும்மினப்ப ஒண்ணு திரும்பிச்சு, நானே ஏந்திப் பிடிச்சேன். உள்ளங்கை எரிஞ்சுது, அவ்வளவுதான். அந்தக் கல்லா சார் ஹெல்மெட்டை ரெண்டாப் பொளக்கும்? பொளந்துட்டு மண்ணுலயும் நாலு விரல் ஆழம் எறங்கும்?

— பழைய ஹெல்மெட்டா இருந்திருக்கும்.

— போன வாரம் நீங்களே உறையைப் பிரிச்சுக் கொடுத்தது.

— மெதுவாப் பேசுங்கக்கா, ஆளுங்க பாக்கறாங்க.

— பாக்கட்டும் சார். நாலாவது மாடி ஓரத்துல இடுப்பளவுக்குக் கல்லு அடுக்கி வச்சிருக்கே, அதுக்குக் கீழ ஒரு வலை இருந்துச்சு. சாமான் தூக்க இடைஞ்சல்னு திங்கக்கிழமை அவுத்துட்டாங்க. நீங்க சொல்லித்தான் அவுத்தோம்னு மேஸ்திரி சொல்றார்.

— மேஸ்திரி ஆயிரம் சொல்வார். பாருங்க, மேல அந்த நேரத்துல ஆளே இல்ல.

— காத்துக்கு ஆளு வேணுமா சார்? கீழ நிக்கறவ பேசமாட்டான்னுதானே என் பேரை எழுதினீங்க?

— அப்படியெல்லாம் இல்லக்கா.

— இல்லேன்னா நல்லது. மேலேருந்து விழற கல்லோட வேகத்துக்குக் கணக்கு இருக்குன்னு என் பொண்ணு சொன்னா, அவ பள்ளிக்கூடப் புத்தகத்துலயே இருக்காம். நீங்க பெரிய படிப்புப் படிச்சவர். அவசரத்துல கணக்குப் போடாம எழுதிட்டீங்கன்னு நினைச்சுக்கறேன். இப்பப் போட்டுப் பாருங்க. தெரியாமச் செஞ்சதுன்னு கிழிச்சுப் போட்டுட்டு, என் மாமியார்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் இதை இதோட மறந்துடறேன்.

— கணக்கு நேத்துக் காலையிலயே போட்டுட்டேன்க்கா. வாசல் கேமராவுல கல்லு தரைக்கு வர்ற வேகத்தை அளந்தேன். நாலாவது மாடிதான். அதுக்கப்புறம்தான் இந்தக் கடுதாசிய எழுதினேன்.