அறுபதுல ஓடுன மானிட்டர்

நீங்களே சொல்லுங்கக்கா, இது நியாயமா? எனக்கு டிக்கெட்டு ஃப்ரீ, இந்தப் பொட்டிக்கு மட்டும் லக்கேஜ். சீட்டுலயா வெச்சிருக்கேன்? மடியில வெச்சிருக்கேன். மடியில இருக்கறது எப்படி லக்கேஜ் ஆகும்னு கேட்டா, கண்டக்டரு பெரிய பொட்டியாச்சேன்றாரு. அம்மையார்குப்பத்துல ஒருத்தர் ரெண்டு மூட்டை நூல் ஏத்துனாரு, அவரைக் கேட்டாரா? கேக்கல. தெரிஞ்சவரு போல. இல்ல இல்ல, காசு குடுத்துட்டேன். குடுக்காம இருப்பேனா? சண்டை போட்டுட்டுக் குடுத்தேன். சும்மா குடுத்தா இவங்களுக்கு அதுவே பழகிடும்.

உக்காருங்க, இடம் இருக்குது. பொட்டியை இப்படிச் சாய்ச்சுக்கறேன். அந்த மூலையில மட்டும் முட்டி படாம பாத்துக்கோங்க.

டிவி இல்லக்கா, மானிட்டர். கம்ப்யூட்டருக்கு வெக்கறது. ஆங், பாத்தா டிவி மாதிரிதான் இருக்கும். எங்க அத்தையும் அப்படித்தான் நெனச்சுகினு, இதுல சீரியல் வராதான்னு கேட்டாங்க. வராதுன்னதும் மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே.

மஞ்சளா? ஆமா, குங்குமம் கூட இருக்குது, அந்தப் பக்கம். எங்காளுங்க எது வாங்குனாலும் வெச்சுடுவாங்க. மிக்சிக்கு வெக்கலையா, அது மாதிரி.

தம்பிக்கு இல்லக்கா. எனக்குத் தம்பியே இல்ல. நான்தான் ஆடறேன். கேம்தான். துப்பாக்கியால சுடற கேம், இந்தப் பக்கம் அஞ்சு பேரு, அந்தப் பக்கம் அஞ்சு பேரு. சிரிக்காதீங்க. எம்.எஸ்சி. ஃபிசிக்ஸ் ரெண்டாவது வருஷம் படிக்கறேன், காலையில ஆறு இருபது டிரெயின்ல மெட்ராஸ் போயிட்டு வரேன். படிப்பும் படிக்கறேன், இதையும் ஆடறேன். பசங்க கிரிக்கெட்டு ஆடுனா, படிச்சுக்கினே ஆடறியான்னு யாராவது கேக்கறாங்களா? உங்களைச் சொல்லல, பொதுவா சொல்றேன்.

சனிக்கிழமை எங்க யுனிவர்சிட்டி டீமுக்கு செலக்சன். இன்னிக்கு புதன். பேரு குடுத்துட்டேன், பிரபாவதின்னு, என் சொந்தப் பேர்ல. இதுதான் மொத தடவை. அதுக்காகத்தான் இந்தப் பொட்டி என் மடியில ஏறியிருக்குது.

இல்லக்கா, பழசுல ஆட முடியாது. முடியும், ஆனா தோத்துடுவேன். சொல்றேன் கேளுங்க. நீங்க தறி வீடா? அப்போ சுலபம். படம் எப்படி நகருது? ஒண்ணு மாத்தி ஒண்ணு வேகமா காட்டிக்கினே இருந்தா நகர்ற மாதிரி தெரியும், அவ்ளோதான். சாதா மானிட்டர் ஒரு செகண்டுக்கு அறுபது தடவை மாத்தும். இது நூத்தி அறுபத்தஞ்சு தடவை மாத்தும். அதைத்தான் ஹெர்ட்ஸ்னு சொல்றது.

அவ்ளோ வேகம் கண்ணுக்கு எங்க தெரியப்போவுதுன்னு எல்லாரும் கேக்கறதுதான். நீங்க அடுப்படியில இருக்கீங்க, வெளிய தறி ஓடுது. ஒரு இழை அறுந்தா சத்தத்துலயே தெரியுமா தெரியாதா? பாத்தீங்களா. எனக்கெல்லாம் அது கடமுடன்னு ஒரே சத்தம்தான். ஓட்டறவங்களுக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான். ஒருத்தன் சுவத்து மறைவுலருந்து எட்டிப் பாக்கறான்னு வெச்சுக்கோங்க. அறுபதுல அவன் இங்க இருப்பான், அடுத்தது அங்க இருப்பான், நடுவுல நடந்தது நமக்கு வராது. இதுல தோள்பட்டை வெளிய வர்றப்பவே தெரிஞ்சிடும். ஆடாதவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆடறவங்க மவுஸ்ல கை வெச்ச உடனே சொல்லிடுவாங்க.

இதை வாங்கறதுக்குள்ள நான் பட்ட பாடு இருக்குதே. ரெண்டு மாசம் முன்னாடி நானும் நைனாவும் கடைக்குப் போனோம். நம்ம திருத்தணியிலதான். கேக்கறது நான், கடைக்காரரு பதில் சொல்றது நைனாவுக்கு. பையனுக்கா சார்னு மொத வார்த்தை. அப்புறம் முப்பத்திரெண்டு இன்ச்சுல வளைஞ்சதா ஒண்ணைத் தூக்கி வெச்சாரு. சார் பாருங்க, தியேட்டர் மாதிரின்னாரு. அது எத்தனை ஹெர்ட்ஸ்னு நான் கேட்டேன். அவரு நைனாவைப் பாத்துக்கினு, எழுபத்தஞ்சு சார், அது தாராளமா போதும்ன்றாரு. போதுமா போதாதான்னு இவரு எப்படி சொல்லலாம்? வயித்துப் பசி எனக்குன்னா, போதும்னு பரிமாறுறவரா சொல்றது?

நான் விடல. ரெண்டடி தூரத்துல உக்காந்து ஆடறப்ப முப்பத்திரெண்டு இன்ச்சு வெச்சா, ஒரு மூலையைப் பாக்க கழுத்தைத் திருப்பணும். இருபத்தி நாலு போதும், ஆனா வேகம் வேணும்னேன். அட்டையில நிறம் மாற ஒரு மில்லி செகண்டுன்னு போட்டிருந்தது, போட்டுக் காட்டுங்கன்னேன். இருட்டான எடத்துல ஆளு ஓடுனா பின்னாடி வால் மாதிரி நிழல் இழுக்கும் சிலதுல, அதைப் பாக்கணும். கீழ ஸ்டாண்டு ஏறி எறங்குதான்னு பாத்தேன். திரை முழுக்க வெள்ளையா போட்டு எங்கயாவது புள்ளி செத்திருக்குதான்னு பாத்தேன். ரெண்டு மணி நேரம். கடைக்காரருக்கு டீ ரெண்டு தடவை வந்துடுச்சு, எங்களுக்கு ஒரு தடவை கூட சொல்லல.

கடைசியா சாதாவையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஆன் பண்ணச் சொன்னேன். மவுஸைப் பிடிச்சு ரெண்டுலயும் வட்டமா சுத்துனேன். நைனா பாத்துக்கினே இருந்தாரு. அவரு பவர்லூம் மெக்கானிக்கு, ஆர்.கே.பேட்டையில பாதி தறி அவரு கை பட்டதுதான். இந்த ஹெர்ட்ஸ் ஒண்ணும் அவருக்குத் தெரியாது. ஆனா ஒரே தடவை பாத்துட்டு, இது தத்தித் தத்திப் போவுது, அது வழுக்கிகினு ஓடுது, அதையே போடுங்கன்னாரு. அவ்ளோதான். கடைக்காரரு வாய் மூடிக்கிச்சு. அன்னிக்கு எனக்கு நைனாவை ரொம்பப் பிடிச்சுது.

ஆனா பாருங்க, அதே நைனாகிட்ட மூணு வருஷமா கேட்டேன் எனக்கு ஒண்ணு வாங்கிக் குடுங்கன்னு. படிக்கற பொண்ணுக்கு கேம் எதுக்குன்னாரு. மூடிப்போன பிரவுசிங் சென்டர்லருந்து ஒரு பழைய மானிட்டரை எடுத்தாந்து, இதுல படின்னாரு. இன்னிக்கு வரைக்கும் அதுதான் என் மேசையில இருக்குது.

ஆங், சரியாத்தான் கேக்கறீங்க. இது எனக்கு வாங்குனது இல்ல. பாவாவுக்கு வாங்குனது. அத்தை பையன் தீனதயாளன், அம்மையார்குப்பத்துல. ரெண்டு மாசமா அங்கதான் இருந்தது. அவரு ஜெயிச்சாரில்ல, அதுக்கு. பரிசுன்னு வெச்சுக்கோங்களேன்.

எதுல ஜெயிச்சாரா? இதே கேம்லதான். போன மார்கழியில ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல நடத்துனாங்க. அவங்கவங்க ஊட்ல உக்காந்து ஆடறது, கடைசியில மட்டும் காலேஜுக்குப் போய் கப்பு வாங்கிக்கறது. பாவா வாங்குனாரு. ஃபோட்டோ எல்லா சொந்தக்காரங்க ஃபோன்லயும் வந்துச்சு. நைனா ஸ்டேட்டஸ் வெச்சாரு. எங்க தீனா எங்க தீனான்னு ஊரெல்லாம் சொன்னாரு.

ஆடுனது நான்க்கா.

எப்படின்னா, மொதல்ல என் பேர்லதான் ஐடி வெச்சிருந்தேன். மைக்குல குரல் கேட்டா போதும், பொண்ணுன்னு தெரிஞ்சதும் ஒருத்தன் சமையல் முடிஞ்சுதான்னு கேப்பான், இன்னொருத்தன் கேக்கறதை உங்ககிட்ட சொல்ல முடியாது. ஜெயிச்சா அவங்க ஆடுனது, தோத்தா என்னால. அழுதுட்டேன் ஒருநாள். அப்போ பாவாதான் சொன்னாரு, என் ஐடியில ஆடிக்கோ, மைக்கை ஆஃப் பண்ணிக்கோ, யாரும் கேக்க மாட்டாங்கன்னு. நல்ல மனசுலதான் சொன்னாரு. அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா பாருங்க, தீனான்னு பேரு மாறுன உடனே எல்லாரும் மரியாதையா பேசறாங்க. அதே கை, அதே ஆட்டம். புரோ, சூப்பர் புரோன்றாங்க.

ஐடி யாரு பேர்ல இருக்குதோ அவங்கதான் மேடைக்கு வரணும்னாங்க. நானும் போயிருந்தேன், நாலாவது வரிசை. பாவா மேல ஏறி மைக்கைப் பிடிச்சாரு. விடாமுயற்சின்னாரு. ராப்பகலா உழைச்சேன்னாரு. எங்க அம்மாவுக்கு நன்றின்னாரு. அத்தை கண்ணைத் தொடச்சுக்கினாங்க. நானும் கை தட்டுனேன்.

என் தப்பும் இருக்குது, ஒத்துக்கறேன். எதுக்கெடுத்தாலும் வாதாடற எனக்கு அங்க மட்டும் வாயே வரல. கீழ எறங்குனதும் சொல்லுவாருன்னு நெனச்சேன். ஊட்டுக்குப் போனதும் சொல்லுவாருன்னு நெனச்சேன். மானிட்டர் வாங்கறப்பகூட, சரி, அது அங்க இருந்தா இன்னா, நானும் அதுலதான ஆடப்போறேன்னு நெனச்சேன். அதனாலதான் அவ்ளோ சண்டை போட்டு, எனக்கு வாங்கற மாதிரியே பாத்துப் பாத்து வாங்குனேன். அத்தை பெருசா எதிர்பாத்தாங்க. சின்னப் பொட்டியா இருக்குதேன்னு நாலு பேரு முன்னாடியே சொன்னாங்க. அந்தப் பேச்சையும் வாங்கிக்கினேன்.

இன்னிக்கு காலையில போனேன். சனிக்கிழமை செலக்சன் இருக்குது பாவா, ரெண்டு நாள் வந்து இதுல ஆடிக்கறேன்னேன். எந்த ஐடியிலன்னு கேட்டாரு. என் பேர்லன்னேன். ஒரு மாதிரி ஆயிட்டாரு. உன் பேர்ல ஆடி நீ செலக்ட் ஆயிட்டா, அப்போ மார்கழியில ஆடுனது யாருன்னு நம்மாளுங்க கேப்பாங்களேன்றாரு. கேட்டா சொல்லுங்கன்னேன். விளையாடறியா, எனக்கு ஒரு மானம் இல்லையா, இனிமே உனக்கு எதுக்கு அதெல்லாம்னாரு. கத்தலக்கா, மெதுவாத்தான் சொன்னாரு. சிரிச்சுக்கினே சொன்னாரு.

அதுக்கு நான் இன்னா பண்ணியிருப்பேன்னு நெனக்கறீங்க? சும்மா மேசைக்கிட்ட உக்காந்து மவுஸைப் பிடிச்சேன். பிடிச்ச உடனே தெரிஞ்சிடுச்சு.

தத்தித் தத்திப் போவுது.

அது அறுபதுல ஓடிகினு இருக்குது. மானிட்டர் மேல தப்பு இல்ல. வாங்கி மாட்டுனதும் கம்ப்யூட்டர்ல செட்டிங்ஸுக்குள்ள போய் நூத்தி அறுபத்தஞ்சுன்னு நாமதான் வெக்கணும், தானா வராது. அரை நிமிஷ வேலை. கூட வந்த நல்ல கேபிள் பொட்டிக்குள்ளயே, கவர்கூட பிரிக்காம கெடக்குது. பழைய டிவி கேபிளைச் சொருகி வெச்சிருக்காரு. இப்படியே ரெண்டு மாசம். ரெண்டு மாசமா வர்றவங்க போறவங்ககிட்டலாம், புது மானிட்டர் வந்ததும் ஆட்டமே வேற மாதிரி இருக்குதுன்னு சொல்லிகினு இருந்திருக்காரு. எங்கிட்டயே ஃபோன்ல சொன்னாரு.

நைனா கடையில ஒரே பார்வையில சொன்னதை இவரு ரெண்டு மாசம் முன்னாடி உக்காந்தும் பாக்கல.

அப்பவும் ஒரு வாய்ப்பு குடுத்தேன்க்கா, சத்தியமா. பாவா, இதுல அறுபதுன்னு காட்டுதே, இன்னா பண்ணலாம்னு கேட்டேன். கொஞ்சமாவது ஆடத் தெரிஞ்ச யாரா இருந்தாலும் தலையில அடிச்சுக்கினு சிரிச்சிருப்பாங்க. அட, மாத்தவே இல்லையான்னு அவரு சிரிச்சிருந்தா, நானும் சிரிச்சுட்டு எல்லாத்தையும் விட்டிருப்பேனோ இன்னாவோ. அவரு குனிஞ்சு பாத்தாரு. ஓஹோ, கம்மியாயிடுச்சான்னாரு. வாரண்டி இருக்குதுல்ல, கடையில குடுத்து ஏத்தச் சொல்லுன்னாரு.

சரி பாவா, குடுத்துப் பாக்கறேன்னேன். அவரே கழட்டிப் பொட்டியில வெச்சாரு. அத்தை தூசி தட்டிக் குடுத்தாங்க, மஞ்சள் இருக்கற எடத்தை மட்டும் விட்டுட்டு. வழியில சாப்புடுன்னு தக்காளி சாதம் வேற கட்டிக் குடுத்தாங்க. இந்த பஸ்ஸுல பொட்டியைத் தூக்கி ஏத்தி விட்டதும் பாவாதான். சனிக்கிழமைக்குள்ள வேணாம், மெதுவா சரி பண்ணட்டும்னு சொல்லி அனுப்புனாரு. சனிக்கிழமையைச் சரியா ஞாபகம் வெச்சிருக்காரு பாருங்க.

கடைக்கா? எதுக்கு? நேரா ஊட்டுக்குத்தான். நைனா சாயங்காலம் வருவாரு. கத்துவாரு. கத்தட்டும். பழசையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, நான் ஆடறதை ஒரே ஒரு தடவை பின்னாடி நின்னு பாருங்கன்னு சொல்வேன். வேற எதை நம்பலைன்னாலும் அவரு தன் கண்ணை நம்புவாரு.

ஆங், இது பெரிய சண்டையாத்தான் போவும். ஆனா உடனே தெரியாது. பாவாவுக்கு மேசையைத் தொடைக்கற பழக்கமெல்லாம் இல்ல. அத்தைதான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேத்தறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் தூக்கித் தூக்கித் தொடைப்பாங்க. கீபோர்டையும் தூக்குவாங்க. அவங்க எனக்குப் போட்ட மோதிரத்தைக் கழட்டி அதுக்கடியிலதான் வெச்சுட்டு வந்திருக்கேன்.

நிச்சயத்துக்குப் போட்டது. இந்த மஞ்சளும் அன்னிக்கு வெச்சதுதான், தட்டு வரிசையில பழத்துக்கும் புடவைக்கும் நடுவுல இந்தப் பொட்டி இருந்தது. அடுத்த மாசம் மலை மேல கோயில்லதான் கல்யாணம், பத்திரிகை அடிச்சு வந்துடுச்சு.

அதனால வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் எனக்கு டைம் இருக்குது. ரெண்டு நாள்ல கை பழகிடும்.

பஸ் ஸ்டாண்டு வந்துடுச்சு. நீங்க மொதல்ல எறங்கிடுங்கக்கா, பொட்டியை உங்க கையில குடுக்கறேன். படுக்க வெக்காம பிடிங்க, அம்புக்குறி மேல பாத்து இருக்கணும்.