இடது பக்க விளக்கு

ராத்திரி பதினொன்றரை. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற ரோடு. செகண்ட் ஷிப்ட் பஸ்ஸெல்லாம் போயாகிவிட்டது. ஒரு கன்டெய்னர் லாரி கடந்தால், அடுத்தது வருகிற வரைக்கும் இருட்டுதான். கலைமதியின் ஸ்கூட்டிக்குப் பின்னால் ஒரு சத்தம்.

டங்... அப்புறம் ஒரு இழுப்பு. மறுபடியும், டங்.

இரும்புக் குச்சியைத் தார் ரோட்டில் இழுத்தபடி யாரோ நடந்து வருவது போல. வண்டி நாற்பதில் போகிறது. சத்தம் பின்தங்கவில்லை...

"நடந்து வர்றவன் எப்புடிடீ ஸ்கூட்டிய புடிப்பான்?" என்றாள் உமாதேவி.

"அதத்தான் சொல்ல வர்றேன். நீ மொதல்ல போர்வைய விடு. என் கால் வெளிய கீது," என்றாள் ஷாரோன்.

வல்லம் வடகாலில் கம்பெனிப் பெண்கள் தங்குகிற ஹாஸ்டல் அது. கரண்ட் இல்லை. ஒரே கட்டிலில் நான்கு பேர், கீழே தரையில் ஒரு மெழுகுவத்தி. கலைமதி ஷாரோனின் அத்தை மகள். இது யாரோ சொல்லிக் கேட்டதில்லை என்று ஷாரோன் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

கலைமதி போய்க்கொண்டிருந்தது, அவள் படித்து முடித்த இன்ஜினியரிங் காலேஜுக்கு. மறுநாள் அங்கே பழைய மாணவர்கள் கூடுகிற விழா. அவள் செய்த பொருளை மேடையில் வைத்து, கூடப் படித்த பிரசன்னா கைதட்டு வாங்கப்போகிற நாள். அதிலிருந்து தன் பேரைத்தான் எடுத்துவிட்டார்கள், பொருளாவது தன்னிடம் இருக்கட்டும் என்று அதை எடுத்துவரத்தான் போனாள்.

அந்தப் பக்கத்துச் சின்னப் பட்டறைகளில், தகட்டை அழுத்தி வெட்டுகிற பிரஸ் மெஷினுக்கு இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையும் பட்டன்மேல் இருந்தால்தான் மெஷின் இறங்கும். கை உள்ளே மாட்டாது. ஆனால் வேலை வேகமாக ஓட வேண்டுமே... ஒரு பட்டனுக்குக் கல்லை முட்டுக் கொடுத்துவிடுவார்கள். கடைசி வருஷப் புராஜெக்டுக்குக் கலைமதி செய்தது, கல்லுக்கு ஏமாறாத பட்டன். உள்ளங்கையில் நாடி துடித்தால்தான் அதன் விளக்கு பச்சையாக எரியும். இரண்டு விளக்கும் எரிந்தால்தான் மெஷின் இறங்கும். உயிருள்ள கை எது, செத்தது எது என்று அதற்குத் தெரியும்.

யோசனை அவளுடையது. கண்விழித்துச் செய்தது அவள். புரொபசரிடம் போய்ப் பேசுகிற வேலை, கூட்டாளி பிரசன்னாவுடையது. அவனுக்கு வாய் நன்றாக வரும்.

சோதித்துப் பார்க்க ஒரு பட்டறையில் மாரி என்பவரின் மெஷினில் பொருத்தினார்கள். பிரசன்னா அந்தப் பட்டறை முதலாளியின் ரூமோடு சரி. மெஷின் பக்கத்தில் நாள் முழுக்க நின்றது கலைமதிதான். மாரி மெஷினுக்குள் கையே விட மாட்டார். நுனியில் காந்தம் வைத்த இரும்புக் குச்சியால்தான் தகட்டை எடுப்பார். மற்றவர்கள், "மாமியார் வூட்டு விருந்துல கரண்டியால துன்னுவான் போலக் கீதே," என்று கிண்டல் செய்வார்கள். அவர் சிரித்துக்கொள்வார். கை பத்திரமாக இருந்தது.

அவர் உள்ளங்கையை வைத்ததும் நாடி லேப்டாப் திரையில் கோடாக ஓடியது. நான்கு துடிப்பு... ஒரு இடைவெளி. நான்கு துடிப்பு... ஒரு இடைவெளி.

"அண்ணே, உங்க நெஞ்சு நடுநடுவுல டீ குடிக்கப் போவுது," என்றாள்.

"அதுக்காவது ஓவர்டைம் காசு தர மாட்றானுங்க பாப்பா," என்றார் அவர்.

அவள்தான் அவரிடம் சொன்னாள். "குச்சிய கீழ வச்சிடுங்கண்ணே. ரெண்டு கையும் மேல இல்லன்னா இது எறங்கவே எறங்காது. நான் செஞ்சது. என்னை நம்புங்க."

மாரி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குச்சியைத் தரையில் வைத்தார். டங்.

அடுத்த வாரம் மெஷின் இறங்கியது. வலது கை பட்டன்மேல் இருந்தது. இடது கை உள்ளே... ரத்தம் நிற்கவேயில்லை. ஆம்புலன்ஸ் வாலாஜாபாத்தைத் தாண்டியபோது உயிர் இல்லை. போலீஸ் வருவதற்குள் பட்டனைக் கழற்றிக் காலேஜுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆள் கவனம் இல்லாமல் இருந்தார் என்று எழுதி மூடினார்கள்.

"நீ அவங்க வூட்டுப் பக்கம் போவாத," என்றான் பிரசன்னா. "புராஜெக்ட் பேப்பர்லருந்தும் உன் பேர எடுத்துடறேன். நாளைக்கு கேஸு கீஸுன்னு வந்தா நான் பாத்துக்கறேன். உன் நல்லதுக்குத்தான் கலை."

கேஸ் வரவில்லை. பரிசு வந்தது, பிரசன்னா பேரில். காலேஜ் வாசலில், சாதித்த மாணவர்களின் படங்கள் மாட்டுகிற சுவரில், பட்டன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு பிரசன்னா மட்டும் சிரித்தான்.

மாரி செத்த அன்று அழுததைவிட, அந்தப் படத்தைப் பார்த்த அன்றுதான் கலைமதி அதிகமாக அழுதாள். அதை அவளே கவனித்தாள். கவனித்துவிட்டு, அந்த நினைப்பை ஓரமாகத் தள்ளிவிட்டாள். தனக்கு நடந்தது துரோகம். அதைத் தவிர வேறு எதற்கும் அவள் மனசில் அப்போது இடம் இருக்கவில்லை.

அந்த ராத்திரி, காலேஜ் வாட்ச்மேன் அவளை அடையாளம் தெரிந்து உள்ளே விட்டார். லேப் கதவைத் திறந்தாள். முதலில் வந்தது வாசனை. ஈர மரத்தூளும் சோப்புத்தூளும்... பட்டறையில் எண்ணெய்க் கையை அதில்தான் தேய்த்துக் கழுவுவார்கள். காலேஜ் லேபில் அதற்கு வேலையே இல்லை.

மேஜைமேல், நாளைய விழாவுக்காகச் சின்னப் பிரஸ் ஒன்றில் அவள் பட்டன்களைப் பொருத்தி வைத்திருந்தார்கள். இடது பக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பட்டன்மேல் யார் கையும் இல்லை.

பக்கத்திலிருந்த லேப்டாப்பைத் திறந்து பார்த்தாள். அவள் எழுதிய புரோகிராமில் ஒரு வரி மாறியிருந்தது. இடது பக்கத்தில் கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உயிருள்ள கை இருக்கிறது என்றே மெஷின் எடுத்துக்கொள்ளும். மாற்றிய தேதி, மாரி செத்த அதே வாரத்தில், பரிசுப் போட்டியின் நடுவர்கள் பட்டறைக்கு வந்ததற்கு முந்தின நாள். மாரியின் எண்ணெய்க் கைக்கு விளக்கு தாமதமாக எரிகிறது, வேலை தடைப்படுகிறது என்று முதலாளி முனகியது அவளுக்குத் தெரியும். பிரசன்னா அதை இப்படிச் சரிசெய்திருக்கிறான். நடுவர்கள் கிளம்பிப் போனபிறகு பழையபடி மாற்றவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

ஒரு கை போதும் என்று ஆகிவிட்ட மெஷினுக்குள்தான், தன் பேச்சைக் கேட்டு அந்த மனுஷர் குச்சி இல்லாமல் கையை விட்டிருக்கிறார்...

அந்த வரியை அழித்தாள். அவள் எழுதியதைத் திரும்ப ஏற்றினாள். இனி கை இல்லாமல் விளக்கு எரியக் கூடாது.

டிக்.

விளக்கு அணைந்தது. அவள் மூச்சை விட்டாள்.

மறுபடியும், டிக். இடது பக்க விளக்கு எரிந்தது.

திரையில் கோடு ஓடியது. நான்கு துடிப்பு... ஒரு இடைவெளி. நான்கு துடிப்பு... ஒரு இடைவெளி.

அவள் ஓடவில்லை. தன் வலது உள்ளங்கையை மற்றொரு பட்டன்மேல் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அப்புறமும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்பது மாதிரி இருக்கலாம். விளக்கு எரியவில்லை. துப்பட்டாவில் துடைத்துவிட்டு வைத்தாள். எரியவில்லை. கையை மாற்றி வைத்தாள். அவள் பக்கத்துக் கோடு, செத்த பொருளுக்கு ஓடுவது போல, நேராக ஓடியது.

அவளுக்குப் பின்னால் தரையில், யாரோ இரும்புக் குச்சியை மெதுவாகக் கீழே வைத்தார்கள்.

டங்.

ஷாரோன் நிறுத்தினாள். மெழுகுவத்தி பாதிக்கு வந்திருந்தது.

"மறுநாள் அந்தப் பிரசன்னா?" என்றாள் உமாதேவி. "மேடையில அவன் கைக்கும் எரியாமப் போச்சா?"

"எரிஞ்சுது. ரெண்டு பக்கமும் பளிச்சுனு எரிஞ்சுது. எல்லாரும் எழுந்து நின்னு கை தட்னாங்களாம்."

"அநியாயமா கீதே. அந்த வரிய மாத்துனவன் அவன்தானே?"

"மாரிக்கு அவன் யாருன்னே தெரியாதேடி," என்றாள் ஷாரோன். "அவரு நம்புனது இவளைத்தானே. ஊரே அது பிரசன்னாவோடதுன்னு சொல்லிச்சு. இவளோடதுன்னு சொன்னது அவரு ஒருத்தர்தான்."

தூரத்தில் எங்கோ ஷிப்ட் சங்கு ஊதியது.

"இப்ப அவ எங்க கீறா?" என்றாள் உமாதேவி.

"இங்கதான், பக்கத்து கம்பெனியில. காலையில கேட்ல கைரேகை மெஷின் இருக்குல்ல... அவ விரல வச்சா, 'ப்ளீஸ் ட்ரை அகெய்ன்'னு சொல்லும். எந்த விரல வச்சாலும் அதேதான். ரெண்டு மூணு தடவை வச்சிப் பாத்துட்டுக் கையை எடுத்துடுவா."

"அப்புறம் அட்டெண்டன்ஸுக்கு இன்னா பண்ணுவா?"

"ஒண்ணும் பண்ண மாட்டா. சும்மா தள்ளி நிப்பா." ஷாரோன் தன் இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "மெஷின்மேல யாரு கையும் இருக்காது. கொஞ்ச நேரத்துல அவ பேரைக் காட்டி அதுவே சொல்லும்... 'தேங்க் யூ.'"