துணி போர்த்தாத மேசை

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் கணவரிடம் கேட்டாள்:

"ஓடணும்னா இந்த மேசைய சட்டுனு மடிக்க முடியுமா?"

அவர் தெருவில் வித்தை காட்டுகிறவர். இருவரும் கைப்பேசியில் மடக்கு மேசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் இன்னா திருடனா, ஓடறதுக்கு?"

"போன வாரம் அந்தக் குப்பத்துல உன்ன இன்னான்னு சொல்லி அடிச்சாங்க? புள்ள புடிக்கிறவன்னு தானே?"

"அது வாட்ஸப்புல எவனோ கிளப்பிவுட்டது."

"அடி உன் முதுகுல தானே வுழுந்துச்சு? அந்தக் கறுப்பு அங்கிய இனிமே தொடாத. லுங்கியும் சட்டையும் போதும். மேசைக்குத் துணியும் வேணாம். அடியில ஒண்ணுமில்லன்னு எல்லாருக்கும் தெரியணும்."

"துணி இல்லாட்டி புறாவ எங்கடி ஒளிப்பேன்? உன் கொண்டையிலயா?"

"எதையும் ஒளிக்காதய்யா. எனக்குப் பயமா கீது."

அவர் கைப்பேசியை அவளிடம் நீட்டி, "சரி, நாலு காலும் நல்லாத் தெரியற மேசையாவே பாரு" என்றார்.

அடுத்த நிறுத்தத்தில் ஒரு தாய் ஏறினாள். அவள் தோளில் இருந்த குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.