மெழுகு தடவிய குழல்

இல்ல தம்பி, சிகரெட்டு பிடிக்கிற குழல் இல்ல இது. நானும் அப்படித்தான் நெனச்சேன். நெனச்சது மட்டுமில்ல, ஒம்பது நாள் இதுலதான் சிகரெட்டே பிடிச்சேன். கையில வாங்கிப் பாருங்களேன். கழுவுனதுதான், பரவால்ல. இந்த முனையில சின்னக் கிண்ணமாட்டம் குழிஞ்சிருக்கு, அங்கேர்ந்து ஒரு சாண் நீளத்துக்குக் குழாய் போகுது. யாரு பாத்தாலும் சிகரெட்டுக் குழல்னுதானே சொல்லுவாங்க.

டாக்ஸி இன்னும் செத்த நேரத்துல கெளம்பிடும். இன்னும் ஒரு ஆளு வரணும். அந்த சீட்டு நான் சொல்லி வச்சதுதான், அதான் டிரைவர் வேற யாரையும் ஏத்தாம தூங்குறாரு. என் வீட்டுக்காரி வர்றா. அவ அண்ணன் வீட்டுலேர்ந்து நேரா இங்க வந்துடறேன்னா. வருவா. வரேன்னுதான் சொன்னா. உங்களுக்குப் பென்ஜ்வீன்தான் ஊரா? அப்பச் சரி. அந்த ரோடெல்லாம் உங்களுக்கு அத்துப்படியா இருக்கும். கோவிச்சுக்காதீங்க, ஒரு டீ சொல்றேன், குடிங்க.

இது எப்படி வந்துதுன்னா, வெள்ளிக்கெழமச் சந்தைக்குக் குழாய்க்கு ஒரு வாஷர் வாங்கப் போனேன். சோரான்னு ஒருத்தன், பழைய சாமானெல்லாம் தார்ப்பாயில கொட்டி விப்பான். வாஷர் எடுத்துட்டு நிமிர்றேன், ஷுக்ரி அண்ணே, நீங்க சிகரெட்டு பிடிக்கிறவரு, இத வச்சுக்கங்க, எந்தப் பெரிய மனுஷன் வச்சிருந்ததோன்னு தூக்கிக் குடுத்தான். காசும் வாங்கல. எனக்கென்ன வந்துது, கோட்டுப் பையில போட்டுக்கிட்டேன்.

டீக்கடைல காட்டுனா ஆளுக்கு ஒண்ணு சொல்றான். ஃபாயிக்குன்னு ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு, எதுக்கும் தெரியாதுன்னு சொல்லி பழக்கமில்லாதவரு. காதுக்கு மருந்து ஊத்துறதுன்னாரு. அப்புறம் சிம்னி வெளக்குக்கு எண்ண ஊத்துறதுன்னாரு. மறுநாள் வந்து, ராத்திரியெல்லாம் யோசிச்சேன், இது ஊதல், வேட்டைக்குப் போறவன் கவுதாரியக் கூப்புட வச்சிருந்ததுன்னாரு. ஊதிப் பாத்தோம். நாங்க ரெண்டு பேரும் மாறி மாறி ஊதுறோம், கவுதாரி என்ன, கடைக்காரன் பூனகூடத் திரும்பிப் பாக்கல.

சரி, சிகரெட்டுக் குழலாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன். கிண்ணத்துல சிகரெட்டச் சொருகுனா கொஞ்சம் ஆடும். பேப்பர் சுத்தி டைட்டு பண்ணிக்கிட்டேன். இன்னொரு முனைய வாயில வச்சுக்கிட்டு... எந்த முனைய வாயில வச்சேங்கிறத ஞாபகம் வச்சுக்கங்க, அப்புறமா சிரிக்கலாம்.

நான் கரண்டு ஆபீசுல மீட்டர் ரீடிங் எடுத்தவன் தம்பி. முப்பத்தோரு வருஷம். சுலைமானியாவுல நான் நொழயாத வீடு கெடயாது. யாரு வீட்டுச் சமையக்கட்டுல என்ன பாத்திரம் தொங்குதுன்னு கேளுங்க, சொல்லுவேன். ஆனா தன் முதுகு தனக்குத் தெரியாதும்பாங்களே, அது சரிதான்.

நாஸ்தார்கிட்ட கேட்டிருக்கலாம்தான். நாஸ்தார்தான் என் வீட்டுக்காரி. அவ மலைக் கிராமத்துக்காரி, நான் டவுன்ல பொறந்தவன். நான் வாங்கிட்டு வந்த அன்னிக்கு சாயங்காலம், கோட்டு பையிலேர்ந்து எடுத்து மேசையில வச்சேன். அவ பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. எங்க கெடச்சுதுன்னு கேட்டா. சந்தையிலன்னேன். நீங்களாப் பாத்து எடுத்தீங்களான்னு கேட்டா. நான் பெருமைக்கு ஆமான்னுட்டேன். சோரான் சும்மா குடுத்ததுன்னு சொல்ல வாய் வரல. அந்த ஒரு ஆமாதான் தம்பி எல்லாத்துக்கும்.

அத எடுத்துட்டுப் போயி கொதிக்கிற தண்ணியில போட்டா. தொடச்சு வச்சா. தேன் மெழுக உருக்கி, இந்தா பாருங்க, இந்தக் கிண்ணத்தோட விளிம்பு பூராத் தடவுனா, விரலாலேயே. வெள்ளத் துணியில சுத்தித் தலவாணிக்குப் பக்கத்துல வச்சா. அன்னிக்கு ராத்திரிக்குத் திராட்ச எலையில சோறு மடிச்சு வேக வச்சா. பெருநாளைக்குத்தான் அதெல்லாம் செய்வா. என் தட்டுல அவளே எடுத்து வச்சா, ஒண்ணு சாப்புட்டா இன்னொண்ணு. நான் நெனக்கிறேன், பரவால்லயே, பொண்டாட்டி நம்ம குழலுக்கு இவ்வளவு மரியாத பண்றாளேன்னு.

விடிஞ்சதும் துணியப் பிரிச்சேன். சிகரெட்டச் சொருகுனேன். அவ டீ ஊத்திக்கிட்டு இருந்தா. பத்த வச்சேன். மெழுகு உருகி ஒரு மாதிரி வாசன வந்துது. அவ டீ கிளாச வச்சுட்டு உள்ள போயிட்டா. அவ்வளவுதான். சண்டயில்ல, அழுகையில்ல. மூணாம் நாளு, அண்ணனுக்கு முட்டி வலி, போயி இருந்துட்டு வரேன்னு கெளம்பிட்டா. நானும் சரின்னேன். எங்க வீட்டுல பேச்சு எப்பவும் கம்மிதான், எனக்கு வித்தியாசம் தெரியல.

என்னன்னு கண்டுபிடிச்சீங்களா? இல்லியா? நீங்க சின்ன வயசு, உங்க வீட்டுலல்லாம் பாம்பர்ஸ்தான.

டீக்கடைக்குப் பக்கத்துல குலாலான்னு ஒரு அம்மா கீர விக்கிது. ஒம்பதாம் நாளு நான் இத வாயில வச்சுக்கிட்டு வெளிய உக்காந்திருக்கேன். அது பாத்துச்சு. கீரக் கட்டக் கீழ போட்டுச்சு. சிரிக்குது சிரிக்குது, மூச்சு வாங்கி தரையில உக்காந்துடுச்சு. யோவ் மீட்டர்காரரே, அது புள்ள மூத்தரம் போறதுய்யாங்குது.

ஆமா. தொட்டில்ல வைக்கிறது. அந்தக் காலத்து மரத் தொட்டிலு இருக்குல்ல, புள்ளையக் கை காலோட சேத்துத் துணியால கட்டிடுவாங்க, மெத்தையில ஒரு ஓட்ட இருக்கும், கீழ ஒரு சட்டி. இந்தக் கிண்ணத்தப் புள்ள மேல வச்சுக் கட்டிட்டா மூத்தரம் குழாய் வழியா சட்டிக்குப் போயிடும், மெத்த நனையாது. உரசக் கூடாதுன்னு விளிம்புல மெழுகு தடவுவாங்களாம். இது ஆம்பளப் புள்ளைக்கு உள்ளதாம், பொண்ணுக்குன்னா வாய் வேற மாதிரி இருக்குமாம். அந்தம்மாதான் சொல்லுச்சு.

சிரிங்க தம்பி, சிரிக்கலாம்னு சொன்னேனே. டீக்கடையே சிரிச்சுது. ஃபாயிக் வாத்தியாரு கவுதாரி கவுதாரின்னு கண்ணத் தொடச்சுக்கிட்டு சிரிச்சாரு. அவரும் ஊதுனாருங்கிறது அவருக்கு மறந்து போச்சு. நானும் சிரிச்சேன்.

பாதி சிரிப்புல மெழுகு ஞாபகம் வந்துது.

எங்க வீட்டுல தொட்டில் இருந்துது தம்பி. நாஸ்தார் அம்மா வீட்டுலேர்ந்து வந்தது. ஏழு மாசம் எங்க கூடத்துல கெடந்துது. மேல எப்பவும் துணி போத்தியிருக்கும். கட்டு அவுக்குறப்ப ஆம்பளைங்க எந்திரிச்சு வெளிய போயிடுவோம். அப்புறம் எங்க வீட்டுல ஒரு வழக்கம், உங்க பக்கமும் இருந்திருக்கும், அப்பா உக்காந்திருக்கிற எடத்துல தன் புள்ளையத் தானே தூக்கிக் கொஞ்சுறது மரியாத இல்ல. எங்கப்பா எப்பவும் வீட்டுலதான் இருப்பாரு. அதனால நான் தூக்குனதில்ல. குனிஞ்சுகூடப் பாத்ததில்ல. போத்துன துணிதான் எனக்குத் தெரியும். பேரு ஷாஹோ. அவ வச்ச பேரு.

தொண்ணுத்தியொண்ணுல பட்டாளத்துக்குப் பயந்து எல்லாரும் ஓடுனோமே, இதே ரோட்டுல, எல்லைக்கு. அப்ப நீங்க பொறந்திருக்க மாட்டீங்க. டிராக்டர் பொட்டியில போனோம், மழ, அப்புறம் பனி. நானு, அவ, அப்பா, என் தம்பி. தொட்டில வீட்டுலயே விட்டுட்டோம். ரெண்டு நாளு புள்ளைய மடியிலயே வச்சிருந்தா. கை மரத்துப் போச்சு, கொஞ்ச நேரம் பிடிங்கன்னா என்கிட்ட. நான் அப்பாவப் பாத்தேன். அவரு பனியப் பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் வாங்கல. இன்னொரு தடவ அவ கேக்கல.

விடியக்காலைல டிராக்டர நிறுத்துனோம். அடக்கத்துக்குப் பொம்பளைங்க வரக் கூடாதுன்னு அவள பொட்டியிலயே விட்டுட்டு நாங்க மூணு பேரும் போனோம். அப்பத்தான் நான் தூக்குனது. மொத தடவ. ஒண்ணும் கனமே இல்ல.

அதுக்கப்புறம் எங்களுக்குப் புள்ள இல்ல. அதப் பத்திப் பேசுனதும் இல்ல. ஏன் பேசலன்னா... என்னத்தப் பேசுறது.

குலாலா சொன்ன அன்னிக்கு நேரா மச்சான் வீட்டுக்குத்தான் போனேன். நாஸ்தார்கிட்ட, இது என்னன்னு உனக்குத் தெரியுமான்னு கேட்டேன். தெரியும்னா. ஏன் சொல்லலன்னேன். அவ சொல்றா, இத்தன வருஷம் கழிச்சு அவன நெனச்சு நீங்களாப் போயி எடுத்துட்டு வந்தீங்கன்னு நெனச்சேன், ஒரு ராத்திரி முழுக்க நெனச்சேன், அப்புறம் நீங்க நெருப்பு வச்சீங்கன்னா. கோவமா சொல்லல. கீர ஆஞ்சுக்கிட்டே சொன்னா.

அவளே கேட்டா, எங்க வச்சீங்க அவன, காட்டுவீங்களான்னு. ஒரு நாளும் கேக்காதவ. காட்டுறேன்னேன். ஒரு ஓக் மரம், வளைவு தாண்டி, தலைமாட்டுல மூணு கல்லுன்னேன். நல்லா ஞாபகம் இருக்குன்னேன். அப்ப வியாழக்கெழம வரேன், அந்தக் குழலக் கொண்டாங்க, அவன் பக்கத்துல வச்சுட்டு வரலாம்னா. அது ஞாயித்துக்கெழம. இன்னிக்கு வியாழன்.

நடுவுல செவ்வாக்கெழம நான் தனியா ஒரு தடவ போயிட்டு வந்தேன். இதே டிரைவரோடதான். பாத்து வச்சுக்கலாம்னு. உங்களுக்குத் தெரியாததா, மலைய வெட்டி ரோட்ட அகலப்படுத்திட்டாங்க. வளைவே இல்ல. ரெண்டு பக்கமும் நடந்து நடந்து பாத்தேன். ஓக் மரமெல்லாம் எந்த வருஷம் தம்பி வெட்டுனாங்க? அவ்வளவு நாளாச்சா.

அவகிட்ட சொல்லல.

அதோ ஸ்டாண்டு கேட்டு பக்கத்துல, பச்ச முக்காடு, அவதான். கையில துணிப் பொட்டலம் வேற. வந்துட்டா பாருங்க. குழலக் குடுங்க, காலைலதான் மெழுகு தடவுனேன், நானாத்தான் தடவுனேன். நீங்க முன்னாடி உக்காந்துக்கங்க, அவளுக்கு சன்னல் பக்கம் வேணும். ஒரே ஒரு உதவி தம்பி. வழியில எங்கயாவது பெருசா ஒரு மரம் கண்ணுல படும், நான் வண்டிய நிறுத்தச் சொல்லுவேன். நீங்க அந்த ஊர்க்காரரு. அவ உங்களக் கேட்டா, ஆமாம்மா, நான் சின்னப் புள்ளையா இருக்கறப்பலேர்ந்து இந்த மரம் இங்கதான் நிக்கிதுன்னு சொல்லிடுங்க.