மீனம்பாக்கத்தில் இறக்கிய விமானம்

அச்சரப்பாக்கத்தில் ஏறிய இரண்டு பெண்கள் பஸ்ஸில் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் இளையவள் சொன்னாள்: "நேத்து பிளேன மீனம்பாக்கத்துல எறக்கிட்டேன்க்கா!"

"இன்னாடி ஒளர்ற?"

"மவளோட கம்ப்யூட்டர் கேமுக்கா. கை ஒடஞ்சதுல கத்தரிக்கோலு புடிக்க முடியாம தையக்கடய மூடிட்டேன்ல? வெரலுக்கு வேல குடுன்னாரு டாக்டரு. அதான் கேமுல பிளேன ஓட்றதுக்கு கீற குச்சியப் புடிச்சி ஓட்டிகினு இருந்தேன்."

"நல்லாத்தான் ஓட்றேன்னியே?"

"நான் எங்க ஓட்னேன்? பிளேனு சாஞ்சா தானா நேராக்கறதுக்கு ஒண்ணு, எறக்கறதுக்கு ஆட்டோபைலட்டுன்னு மவ போட்டு வெச்சிகீறா. அம்மா மனசு ஒடஞ்சிடக் கூடாதாம். நேத்து கண்டுபுடிச்சி எல்லாத்தியும் ஆஃப் பண்ணேன். ஒரே ஆட்டம். நாலு தபா வுழுந்தேன். அஞ்சாவது தபா என் கையாலயே ரன்வேல நிறுத்திட்டேன்க்கா! நான் கத்துன கத்துல பக்கத்து வூட்டுக்காரங்க ஓடியாந்துட்டாங்க."

அக்கா அவளுடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினாள்.

"இப்ப செங்கல்பட்டுக்கு எதுக்குப் போற?"

"புதுக் கத்தரிக்கோலு வாங்க. நாளைக்குக் கடயத் தொறக்கறேன். நீ துணி எடுத்துகினு வா, மொத ஜாக்கெட்டு உன்துதான்."