பன்னிரண்டாவது துடிப்பு

இன்ஸ்பெக்டர் ஐயா, உங்கள் அறையின் மின்விசிறி நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை தட்டுகிறது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் அடங்கிவிடும். என் காது அப்படிப் பழகிவிட்டது, தப்பாக நினைக்காதீர்கள்.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நீங்கள் என் வீட்டிலிருந்து எடுத்துவந்த ஏழு நோட்டுகளிலும் எழுத்துப் பிழை இருக்கும், பொய் இருக்காது. எனக்கு அவ்வளவாகப் பேச வராது, அதனால் எழுதினேன். ஒலிப்பதிவுக் கூடத்தில் என்னை ஊமைக்கோட்டான் என்றுதான் கூப்பிடுவார்கள். பதிவான சத்தங்களைக் கேட்டு, வேண்டாத இருமலையும் இரைச்சலையும் வெட்டி எடுப்பது என் வேலை.

அந்த ஆல்பத்தை ஊரே கிண்டல் செய்தது. பாடகரும் நடிகையும் தங்கள் கல்யாணத்தைக் கொண்டாட வெளியிடும் இசைத்தட்டு. அதில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. வீட்டுச் சாவிக்கொத்து, பல் தேய்க்கும் சத்தம், ஒரு முழுச் சண்டை, பிறகு சமாதானம். "இதுக்கு எங்க வீட்டுக்காரர் குறட்டையே தேவலையே" என்றார் கூடத்தைப் பெருக்க வந்த அக்கா. எனக்குப் பிடித்திருந்தது. கடைசி இருபது நிமிடம் இதயத் துடிப்பு மட்டும். முதல் பாதி பாடகருடையது, அடுத்த பாதி நடிகையுடையது.

நடிகையின் துடிப்பு சரியாக வரவில்லை. பதினொன்று ஒழுங்காகத் தட்டும், பன்னிரண்டாவது வராது. நடுநடுவே, சரியாகச் சாத்தாத கதவு வழியே காற்று நுழைவதுபோல ஒரு சீறல். ஒலிப்பதிவாளர் சொன்னது நான்காம் நோட்டில் அப்படியே இருக்கிறது: "என்னடி இது, பஞ்சரான டயர் மாதிரி? மைக் கோளாறு. வெட்டி ஒட்டி சீராக்கு."

வெட்டிப் பார்த்தேன். சீறலோடு துடிப்பும் போனது. மூன்றாம் நாள், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, கதவைச் சாத்திவிட்டு மைக்கை என் நெஞ்சில் ஒட்டிக்கொண்டேன். பத்து நிமிடம். சீராக்கச் சொன்னார்கள், சீராக்கினேன்.

பாடகர் வந்து கேட்டார். ஸ்பீக்கர்மேல் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மனைவியின் செல்லப்பெயரை மெதுவாகச் சொன்னார். "இன்னொரு தடவை போடும்மா. இதையே கேட்டுட்டு இருக்கலாம் போல இருக்கு" என்றார். நான் சுவரோரம் நின்றிருந்தேன்.

மறுநாள் நடிகை தனியாக வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"தங்கச்சி, நீதான் நாலு நாளா என் நெஞ்சையே கேட்டுட்டு இருக்கே. ஏடாகூடமா ஒண்ணும் இல்லையே? மாடி ஏறினா இளைக்குது. வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட போகலாம்னு இருக்கேன்."

"நீங்களே கேளுங்கக்கா" என்று ஹெட்போனை மாட்டிவிட்டேன்.

கேட்கக் கேட்க அவர் முகம் தெளிந்தது. "அடேங்கப்பா, குதிரை கணக்கா ஓடுது. நான்தான் அநாவசியமா பயந்து செத்தேன்." என் கன்னத்தைக் கிள்ளினார். அங்கிருந்தே டாக்டருக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கேளுங்கள் என்றேன், கேட்டார்.

ஆல்பம் வெளியான ஒன்பதாம் நாள் நடிகை மேடைப் படிக்கட்டில் விழுந்தார். எழுந்திருக்கவில்லை. பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் பிறகு அந்தத் தட்டைக் கேட்டு, இது அவருடைய இதயமே இல்லை என்று சொல்லப்போய்த்தான் நீங்கள் என் வீட்டுக் கதவைத் தட்டினீர்கள்.

"தெரியாம செஞ்சிட்டேன்னு எழுதிக்கட்டுமாம்மா?" என்று கேட்டீர்கள். உங்களுக்கு இளகிய மனசு. வேண்டாம். முதல் நோட்டைப் புரட்டுங்கள். பள்ளிக்கூடத்தை விட்டது அம்மாவைப் பார்த்துக்கொள்ள. இரண்டு வருடம் அவள் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு கிடந்தேன். அதே சீறல். சில நாள் பதினான்கு தட்டி ஒன்று விடும், சில நாள் ஒன்பது. அது எங்கே போய் முடியும் என்பதைக் கடைசித் துடிப்புவரை எண்ணி எழுதியிருக்கிறேன். நடிகையின் பதிவைக் கேட்ட முதல் நிமிடமே எனக்குத் தெரியும்.

"யாரும் கேக்காமலே ஃபேனைப் பத்திச் சொன்னியே, அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்கிறீர்கள். சொல்லியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். குணமாகி வந்து புதிதாகப் பதிவு செய்திருப்பார். என்னுடைய துடிப்பை வெட்டி எடுக்க என்னையே சொல்லியிருப்பார்கள். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. இன்னொரு தடவை கேட்டாலும் சம்மதிக்கமாட்டேன். எழுதிக்கொள்ளுங்கள்.

பாடகரிடமும் தாராளமாகச் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் இன்றும் அதைத்தான் போடுகிறாராம். உண்மை தெரிந்தாலும் அவர் அந்தத் தட்டைத் தூக்கி எறியமாட்டார். அன்று கண்ணை மூடிக் கேட்டபோதே அது யார் என்று அவர் காதுக்குத் தெரியும். வாய்தான் பழக்கத்தில் வேறு பெயரைச் சொன்னது.