மகன் எரித்த ஊர்

வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸில் முன் சீற்றில் இருந்த பெரியவர், பக்கத்தில் இருந்த நண்பரிடம் சந்தோஷமாகச் சொன்னார்: "நேத்து மகன் என்ட ஊரை எரிச்சுப்போட்டான்."

மடியில் தூங்கிய மகளுடன் வேறு சீற்றுக்குப் போவதா என்று யோசித்தேன்.

"எந்த ஊரை?"

"கம்ப்யூட்டர் கேம்ல மச்சான். அவன் ஸ்கூல் போற காலத்தில ரெண்டு பேரும் படை கட்டிச் சண்டை பிடிப்பமே, அது. புது லெப்டொப்பில ஓடமாட்டன் எண்டுட்டுது. திறந்தா கறுப்புத் திரைதான்."

"பிறகு?"

"மனிசி கனடாவுக்குக் கோல் எடுத்து, மகனிட்டக் கேட்டுக் கேட்டுச் சொன்னா. அந்த கேமுக்கு மட்டும் லெப்டொப் தன்னைப் பழசெண்டு காட்ட ஒரு செட்டிங் இருக்கு."

"எங்களை இளசாக் காட்ட ஒண்டும் இல்லையா? அதுசரி, மகனோட கதைக்க நீயே கோல் எடுக்கலாமே."

"எடுத்தா? 'சுகமா அப்பா?' 'சுகம் மகன், இந்தா அம்மாட்டக் குடுக்கிறன்.' எட்டு வருஷமா அவ்வளவுதான்."

பெரியவரே தொடர்ந்தார்.

"நேத்து ஹெட்போன் மாட்டிக்கொண்டு ரெண்டு மணித்தியாலம் விளையாடினம். என்ட ஊர் எரிஞ்சு முடிய அவன் மெதுவாக் கேட்டான், 'அப்பா, நெஞ்சு நோவு எப்பிடி?' எண்டு. தாய் சொல்லியிருக்கிறா."

"நீ என்ன சொன்ன?"

"மனிசி பக்கத்திலதான் நிண்டவ. அவவிட்டக் குடுக்கேல்ல. நானே சொன்னன்."